நல்மரண சபையின் டிஜிட்டல் கேமரா

ராயபுரத்தில் எங்கள் பாய்மர மாதா கோவில் பங்கில் நிம்மதியாக வாழ்வதற்கு எந்த ஏற்பாடும் கிடையாது. சாவதற்கு உண்டு. அதற்குப் பெயர் நல்மரண சபை. மாதாமாதம் சந்தா கட்டினால் போதும், மீதியைச் சபை பார்த்துக்கொள்ளும். பெட்டி, பூ, வண்டி, பாண்டு வாத்தியம், கறுப்புப் பட்டை போட்டுக்கொண்டு முன்னால் நடக்கப் பெரிய மனிதர்கள் நாலு பேர், கடைசியில் ஒரு போட்டோ. நானும் இதில் உறுப்பினன்தான். தண்ணி லாரி வராத தெருவில் குடியிருந்துகொண்டு, சவ வண்டியாவது நேரத்துக்கு வரட்டும் என்று பணம் கட்டுகிறவன்.

அந்தப் போட்டோவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் செத்தவரைப் பெட்டியில் வைத்து, தலைமாட்டைக் கொஞ்சம் தூக்கி நிறுத்தி, குடும்பமே சுற்றி நின்று ஒரு படம் எடுக்காமல் அடக்கம் நடக்காது. பையன் கப்பலில் இருப்பான், தம்பி துபாயில் இருப்பான், அவர்களுக்கு அனுப்பவேண்டும். படம் எடுக்கிறவர் ஸ்டுடியோ ராமதாஸ். கல்யாணம், ஞானஸ்நானம் எல்லாம் எடுப்பவர்தான். ஆனால் அவர் கேமரா பையை மாட்டிக்கொண்டு ஒரு தெருவுக்குள் நுழைந்தால், பெண்கள் வாசலுக்கு வந்து "யார் வூட்ல?" என்றுதான் கேட்பார்கள். நோயாளி இருக்கிற வீட்டுப் பக்கம் அவர் டீ குடிக்கக்கூடப் போவதில்லை. ஒரு தடவை தெரியாமல் போனபோது, காய்ச்சலில் கிடந்த ஒருவர் இவரைப் பார்த்துவிட்டு எழுந்து அடிக்க வந்துவிட்டார். காய்ச்சல் அன்றைக்கே விட்டது என்பது வேறு விஷயம்.

சபையில் என்னோடு சந்தா கட்டுகிற, எனக்குத் தம்பி மாதிரியான லியோனார்டுக்கு ஹார்பரில் வேலை. கிரேனுக்குக் கீழே நின்று, தூக்கு, இறக்கு, நிறுத்து என்று கையாலேயே சொல்லும் வேலை. நாள் முழுக்கக் கையால் பேசிவிட்டு வருகிறவனுக்கு வாய்ப்பேச்சு கொஞ்சம் குறைவு. அந்தக் குறையை அவன் பெண்டாட்டி ஃப்ளோரன்ஸ் வட்டியும் முதலுமாகத் தீர்த்துவைத்தாள். சிரிப்பும் பேச்சுமாக அவர்கள் குடியிருந்த மாடி எப்போதும் கலகலவென்றிருக்கும். அவளுக்கு ஒரே ஒரு கோளாறு. போட்டோ எடுத்தால் கண்ணை மூடிவிடுவாள். ஃபிளாஷ் வருவதற்கு ஒரு நொடி முன்னாலேயே அந்தக் கண்ணுக்கு எப்படியோ தெரிந்துவிடும். கல்யாண ஆல்பம் முழுக்கத் தூங்குகிறாள். வாக்காளர் அட்டையிலும் அப்படியே. ஓட்டுச்சாவடியில் ஒரு ஏஜென்டு அட்டையைப் பார்த்துவிட்டு, பார்வை இல்லாத அம்மா வந்திருக்கிறார்கள், கையைப் பிடித்துக் கூட்டிப்போங்கள் என்று சொன்னார். அவளும் சிரித்துக்கொண்டே கையைக் கொடுத்து, வரிசையில் நிற்காமல் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தாள். ராமதாஸ் ஸ்டுடியோவுக்கு இரண்டு தடவை போனார்கள். ஃபிலிம் ரோல் தீர்ந்து, கழுவி, பிரிண்டு வந்த பிறகுதான் கண் மூடியிருப்பது தெரியும். இரண்டு தடவையும் தெரிந்தது.

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம் அவளுக்கு இதயத்தில் வால்வு கெட்டுப்போனது. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார்கள். நாற்காலியில் வைத்துத் தூக்கிவந்து மாடியில் படுக்கவைத்தோம். அதற்கப்புறம் அவள் அந்தப் படியில் இறங்கவில்லை.

ஒரு சாயங்காலம் அவள் அவனிடம் சொன்னாள். நானும் பக்கத்தில்தான் இருந்தேன்.

"இன்னாய்யா, நம்ம ஜானட்டுக்கு நாலு வயசு. எங்கம்மா சாவச்சொல்ல எனக்கும் நாலு வயசு. எங்கம்மா மூஞ்சி எனக்கு ஞாபகமே இல்ல. பெட்டில வெச்சி எடுத்த படம் ஒண்ணு கீது, அத்தப் பாத்துட்டு அம்மான்னா கண்ணை மூடிகினு இருக்கறவங்கன்னு நெனச்சிகினு வளர்ந்தேன். இதுவும் அப்டி வளரக்கூடாது. கண்ணு தொறந்துகினு ஒரு படம் வேணும்யா எனக்கு. ஒண்ணே ஒண்ணு."

லியோனார்ட் ராமதாஸிடம் ஓடினான்.

"அந்தப் பொண்ணுக்குச் செய்ய எனக்கு இஷ்டமில்லையா நைனா?" என்றார் ராமதாஸ். "ஆனா நான் பையை மாட்டிகினு உன் படியேறினா, கீழ் வூட்டு ஞானபாக்கியம் ஒப்பாரி ஆரம்பிச்சிடும். உன் பொண்டாட்டிக்கு இருக்கற ஹார்ட்டு அத்தத் தாங்குமா? இப்ப டிஜிட்டல்னு ஒண்ணு வந்துகீது. சட்டைப் பாக்கெட்ல அடங்கிடும், யாருக்கும் தெரியாது. எடுத்த உடனே பின்னாடி தெரியும். கண்ணு மூடியிருந்தா உடனே இன்னொண்ணு எடு, தொறக்கற வரைக்கும் எடு. வாங்கறதுன்னா நம்மாண்ட ஆவாது. சபைல வாங்கப் போறாங்களாம், என் பொழப்புல மண்ணைப் போடறதுக்கு. அவங்களாண்ட ஒரு மத்தியானத்துக்குக் கேளு."

சபையின் செயலாளர் பிராங்கிளின், ரயில்வேயில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையைத்தான் விட்டாரே தவிர தோரணையை விடவில்லை. அச்சடித்த நோட்டீஸ் மாதிரிதான் பேசுவார். லியோனார்ட் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னதும், "கேமராவே இன்னும் தேர்ந்தெடுக்கப்படவில்லை. முதலில் தேர்வுக்குழு அமைய வேண்டும். உன் ஆர்வத்தைப் பாராட்டி உன்னையும் குழுவில் சேர்க்கிறேன்" என்றார். கேமராவைக் கேட்கப் போனவன் குழுவில் உறுப்பினனாகத் திரும்பி வந்தான். இப்படித்தான் நானும் ஒரு காலத்தில் வண்டிக்கு டயர் சரியில்லை என்று சொல்லப்போய் வண்டிக் குழுவில் மாட்டிக்கொண்டேன். டயர் இன்னும் மாற்றப்படவில்லை.

முதல் கூட்டம் மரித்த ஆத்துமாக்களுக்கான ஜெபமாலையோடு தொடங்கியது. அது முடிவதற்குள் தலைவர் அருளப்பன் தூங்கிவிட்டார். அவருக்கு வயதும் அதிகம், காதும் மந்தம். எழுப்பி நிறுத்தியதும் தலைமையுரை ஆற்றினார்.

"நம்ம சபை எத்தனையோ தலைமுறையா நடக்குது. இது வரைக்கும் எத்தனை பேரை அனுப்பி வெச்சிருக்கோம். அதுல ஒருத்தர், ஒரே ஒருத்தராவது திரும்பி வந்து, பெட்டி சரியில்ல, பூ பத்தலன்னு குறை சொன்னது உண்டா? வேற எந்தச் சங்கம் இந்த மாதிரி மார்தட்டிக்க முடியும்?"

எல்லோரும் கைதட்டினோம். பிராங்கிளின் எழுந்தார்.

"டிஜிட்டல் கேமரா என்பது காலத்தின் கட்டாயம். கப்பலில் இருக்கும் மகன் அன்றைக்கே கம்ப்யூட்டரில் தகப்பனின் முகத்தைப் பார்க்கலாம். ஆனால் இதில் ஓர் ஆபத்தும் உண்டு. இந்தக் கேமராவில் அழிக்கும் பொத்தான் ஒன்று இருப்பதாக அறிகிறேன். எடுத்த படத்தை ஒருவர் நினைத்தால் அழித்துவிடலாம். ஒரு கிறிஸ்தவ ஆத்துமாவின் கடைசி முகத்தை, போகிற வருகிறவன் எல்லாம் கட்டைவிரலால் அழிப்பதைச் சபை அனுமதிக்கலாமா?"

இது பெரிய விவகாரமாகிவிட்டது. ஆத்துமா அழியாதது, ஆனால் அதன் படம் அழியலாமா என்று பங்குச் சாமியாரிடம் கேட்கப்பட்டது. அவர் மேற்றிராணியாரிடம், அதாவது பிஷப்பிடம், கேட்கவேண்டும் என்றார். மேற்றிராணியார் ரோமாபுரிக்குப் போயிருந்தார். அவர் திரும்பி வந்து, இதையெல்லாம் என்னிடம் ஏன் கேட்கிறீர்கள் என்று சொன்ன பிறகு, சபை ஏகமனதாகத் தீர்மானம் போட்டது. அழிக்கும் பொத்தானைச் செயலாளர் மட்டுமே அழுத்தலாம். இதற்குள் கோடை முடிந்து மழையும் ஆரம்பித்துவிட்டது. ஃப்ளோரன்ஸுக்குக் கால் வீங்கத் தொடங்கியிருந்தது.

"இன்னும் எம்மாம் நாள் ஆவும் அண்ணாத்தே?" என்று லியோனார்ட் என்னைத் தனியாகக் கேட்டான். அடுத்து கடைக்குப் போவோம் என்று தைரியம் சொன்னேன். நானும் அதை நம்பினேன்.

பர்மா பஜாருக்குக் குழுவாகப் போனோம். அதிகாரபூர்வமான பயணம் என்பதால் எல்லோரும் கறுப்புப் பட்டை அணிந்திருக்க வேண்டும் என்பது செயலாளர் உத்தரவு. எங்களைப் பார்த்ததும் முதல் கடைக்காரர் எழுந்து நின்று, "யாருங்க தவறிட்டாங்க?" என்று கேட்டுப் பாதி ஷட்டரை இறக்கிவிட்டார். இரண்டாவது கடைக்காரருக்கு வியாபாரம் முக்கியம். உட்காரவைத்துக் குளிர்பானம் கொடுத்தார்.

"டெய்லி யூஸுக்கா சார்?"

தலைவர் அருளப்பன் யோசித்தார். "டெய்லின்னு சொல்ல முடியாதுப்பா. மழைக்காலத்துல வேணா டெய்லி."

கடைக்காரர் ஒரு கேமராவை எடுத்து வைத்தார். "இதுல ஸ்போர்ட்ஸ் மோடு இருக்கு சார். குழந்தைங்க ஓடினாக்கூட ஆடாம வரும்."

"நாங்கள் எடுப்பவர்கள் ஓடமாட்டார்கள்" என்றார் பிராங்கிளின்.

"ஜூம் இருக்கு. தூரத்துல போறவங்களைக் கிட்ட கொண்டாந்துடும்."

"போனவர்களைக் கொண்டுவரும் எண்ணம் சபைக்கு இல்லை."

"கண்ணு செவப்பா விழாம இருக்க ஒரு பட்டன் இருக்கு சார்."

"கண்ணே விழாது. அடுத்தது."

கடைக்காரர் கொஞ்ச நேரம் எங்கள் பட்டைகளையே பார்த்தார். பிறகு மெதுவாக, "பிக்னிக், பர்த்டே, இந்த மாதிரி எதுவும் எடுக்கமாட்டீங்களா சார்?" என்று கேட்டார். "அதற்கெல்லாம் வேறு சபைகள் இருக்கின்றன" என்றார் பிராங்கிளின். தலைவர் கேமராவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, ரோலை எந்தப் பக்கம் போடுவது என்று கேட்டார். ரோலே கிடையாது என்றதும், ரோல் இல்லாத கேமராவை நம் தலையில் கட்டப் பார்க்கிறான் என்று என் காதில் சொன்னார். காது மந்தமானவர் ரகசியம் சொன்னால் பீச் ஸ்டேஷன் வரைக்கும் கேட்கும்.

லியோனார்ட் அதுவரைக்கும் பின்னால் நின்றிருந்தான். இப்போது முன்னால் வந்தான்.

"அண்ணே, எடுத்த உடனே பாக்கலாமா? கண்ணு மூடிகினு வந்துச்சின்னா திரும்ப எடுக்கலாமா?"

கடைக்காரருக்கு உயிர் வந்தது. அன்றைக்குக் கேமராவைப் பற்றிக் கேட்கப்பட்ட முதல் கேள்வி அதுதான். "எத்தனை தடவை வேணா எடுங்க தம்பி. பாருங்க" என்று அவனையே ஒரு படம் எடுத்துப் பின்பக்கம் காட்டினார். நகம் வைத்தால் மறைந்துபோகிற அளவு சின்ன முகம். லியோனார்ட் அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அவனுக்குக் கல்யாணம் நிச்சயமானபோதுகூட நான் அப்படிப் பார்த்ததில்லை. பிராங்கிளின் அவன் தோளைத் தட்டி, "கண் மூடியிருந்தால் திரும்ப எடுப்பதா? அப்படியானால் நாம் ஒரு படம்கூட எடுத்து முடிக்க முடியாது. தேவையில்லாத கேள்விகளைத் தவிர்க்கவும்" என்றார். கடைசியில் எந்த வசதியும் இல்லாத ஒன்றை, மிகவும் எளிமையானது, சபையின் ஆன்மிகத்துக்கு ஏற்றது என்று தேர்ந்தெடுத்தார்கள். அதற்கு எடுத்ததைப் பின்னால் பார்க்கிற கண்ணாடி இருந்தது. அது போதும் லியோனார்டுக்கு. கோவிலில் கேமராவுக்குத் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார்கள். தெளித்ததில் கொஞ்சம் உள்ளே போய், ஒரு வாரம் அரிசி டப்பாவில் போட்டு வைக்கவேண்டி வந்தது.

அரிசியிலிருந்து எடுத்த அன்று லியோனார்ட் சபை அறைக்குப் போய் நின்றான். ஒரு மத்தியானம், ஒரே ஒரு மத்தியானம் கொடுங்கள் என்றான். பிராங்கிளின் அவனை உட்காரச் சொல்லி, அன்போடுதான் பேசினார்.

"உன் வேதனை எனக்குப் புரிகிறது. ஆனால் இது நல்மரண சபையின் சொத்து. உயிரோடு இருப்பவர்களுக்குக் கொடுப்பதற்கு விதியில் இடமில்லை. உனக்குக் கொடுத்தால், நாளைக்கு ஆளாளுக்கு நானும் உயிரோடு இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு வந்து நிற்பார்கள். சபை எத்தனை பேரைச் சமாளிக்கும்?"

"அப்போ அவ செத்தாத்தான் தருவீங்களா சார்?"

"நிச்சயமாக. அதில் ஒரு நிமிடம்கூடத் தாமதம் இருக்காது. நீ கவலைப்படவே வேண்டாம்."

லியோனார்ட் கும்பிட்டுவிட்டு வந்தான். எதற்குக் கும்பிட்டான் என்று எனக்கு இன்றுவரைக்கும் விளங்கவில்லை. வெள்ளோட்டம் பார்க்காமல் அவசரப்பட்டு எடுத்தால் நாளைக்குச் சபைக்குத்தானே கெட்ட பெயர் என்று செயலாளரிடம் ஒரு வார்த்தை போட்டு வைத்தேன். வெள்ளோட்டம் என்று ஆரம்பித்தால் கேமரா சபை அறை அலமாரியை விட்டாவது வெளியே வரும் என்று என் கணக்கு.

வெள்ளோட்டத்துக்குத் தலைவர் அருளப்பனே முன்வந்தார். சபையின் பொதுப் பெட்டியில், மார்பில் சிலுவையோடு படுத்தார். மெத்தை வைத்த பெட்டி, காற்றோட்டமான அறை, பாவம், ஐந்து நிமிடத்தில் நன்றாகத் தூங்கிவிட்டார். குறட்டையில் மீசை ஆடி, எடுத்த படமெல்லாம் கலங்கலாக வந்தது. பிராங்கிளின் விடாமல் எடுத்துக்கொண்டிருந்தார். கோவிலில் மணியடிக்கிற சின்னப்பன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தவர், யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் ஓடிப்போய்த் துக்க மணியை அடித்துவிட்டார். அரை மணி நேரத்தில் மாலையும் கையுமாக ஜனம் கூடிவிட்டது. பாண்டுக்காரர்கள் வந்து சுருதி சேர்த்தார்கள். தலைவரின் மனைவி மருமகள்களோடு அழுதுகொண்டு உள்ளே வந்தார். அந்தச் சத்தத்தில் விழித்த தலைவர் பெட்டியில் எழுந்து உட்கார்ந்து, பழக்கதோஷத்தில், "சந்தா பாக்கி இருக்கா பாருங்க" என்றார். மனைவி மயங்கி விழுந்தார்.

அடுத்த கூட்டத்தில் பிராங்கிளின் முடிவைச் சொன்னார். "ஆரோக்கியமானவர்கள் நம் பணிக்கு ஒத்துவரவில்லை. குறைந்தபட்சம் நோய்வாய்ப்பட்டவராகவாவது, அசையாமல் படுக்கக்கூடியவராக ஒருவர் தேவை."

லியோனார்ட் கையைத் தூக்கினான். "என் சம்சாரம் கீறா சார். அசையறதே இல்ல."

நான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவன் உட்காரவில்லை. வீட்டுக்குப் போய் ஃப்ளோரன்ஸிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அவன் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, நான்தான் சொன்னேன். அவளுக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் சிரித்தாள்.

"செத்தவ மாதிரி படுத்துக்கணும், அம்மாந்தானே? தெனமும் அத்தத்தானே பண்ணிகினு கீறேன். வரட்டும். எப்டியாவது ஒண்ணு நமக்கு எடுத்துக்கலாம்யா. தலையை வாரிவிடு."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சபை புறப்பட்டது. கறுப்புப் பட்டையோடு நாங்கள் அந்தத் தெருவில் நுழைந்ததுமே எல்லாம் கெட்டது. டீக்கடையில் ரேடியோவை நிறுத்தினார்கள். யாரோ பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்கினார்கள். நான் ஒவ்வொருவரிடமும், இல்லைங்க, உயிரோட இருக்காங்க, சும்மா போட்டோதான் என்று சொல்லிக்கொண்டே போனேன். அது இன்னும் மோசமாகக் கேட்டது.

மாடியில் ஃப்ளோரன்ஸ் ஊதா நிறப் புடவை கட்டி, பொட்டு இல்லாத நெற்றியும் பவுடர் போட்ட முகமுமாகத் தலையணையில் சாய்ந்திருந்தாள். கண் மட்டும் பெரிதாக இருந்தது. உடம்பில் மற்றதெல்லாம் குறைந்துபோயிருந்ததால் அது இன்னும் பெரிதாகத் தெரிந்தது. பிராங்கிளின் ஜன்னலைத் திறக்கச் சொல்லி, வெளிச்சம் போதும், ஃபிளாஷ் வேண்டாம் என்று தீர்மானித்தார். அவர் வாழ்க்கையில் எடுத்த ஒரே நல்ல முடிவு அது என்று நான் நினைக்கிறேன்.

"அம்மா, கண்களை மூடவும். கைகளை மார்பில் வைக்கவும். முகத்தில் சமாதானம் தெரியவேண்டும்."

ஃப்ளோரன்ஸ் கண்ணை மூடினாள். அந்த நேரம் பார்த்துக் கீழேயிருந்து ஞானபாக்கியத்தின் குரல் எழும்பியது. குழாயடியில் குடத்தைத் தள்ளி வைத்ததற்காக ஆறு வருஷமாக ஃப்ளோரன்ஸுடன் முகம் கொடுத்துப் பேசாதவள் அவள்.

"என்னைப் பெத்த தாயே, ஃப்ளோரா. நீ போயிட்டியா. குயாயாண்ட வந்தா, நீ மொதல்ல புடி அக்கான்னு சொல்லுவியே. உன் கொடத்தை நகத்திட்டு என் கொடத்தை நான் வெச்சா ஒரு வார்த்தை கேப்பியா. தங்கமாச்சே உன் மனசு."

ஃப்ளோரன்ஸின் உதடு துடித்தது. பிறகு தோள் குலுங்கியது. "அடிப்பாவி, இன்னாமா புளுகறா பாரு" என்று சொல்லிக் கண்ணை அகலத் திறந்து, லியோனார்டைப் பார்த்துச் சிரித்தாள். வால்வு, வீக்கம், மூச்சு எல்லாவற்றையும் மறந்த சிரிப்பு. அந்த நேரத்தில்தான் பிராங்கிளினின் விரல் பொத்தானை அழுத்தியது.

லியோனார்ட் ஒரே தாவில் அவர் பின்னால் போய் நின்றான். நானும் எட்டிப் பார்த்தேன். அந்தச் சின்னக் கண்ணாடியில் ஃப்ளோரன்ஸ் இருந்தாள். இரண்டு கண்ணும் திறந்து, பல் தெரியச் சிரித்துக்கொண்டு, ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழ. ஆடாமல், கலங்காமல், அவ்வளவு தெளிவாக வந்திருந்தது. லியோனார்ட் அந்தக் கண்ணாடியை நோக்கிக் கையை நீட்டினான். "சார்" என்றான்.

"கண் திறந்திருக்கிறது" என்றார் பிராங்கிளின். "இது சபைக்கு ஆகாது."

லியோனார்ட் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் குறுக்காக வைத்தான். ஹார்பரில் அந்தக் கையைப் பார்த்தால் இருபது டன் பெட்டி அந்தரத்தில் அப்படியே நின்றுவிடும். செயலாளரின் கட்டைவிரல் நிற்கவில்லை. தீர்மானம் அவருக்குக் கொடுத்திருந்த அதிகாரத்தின்படி அழித்துவிட்டார்.

அடுத்ததாக எடுத்த படத்தில் ஃப்ளோரன்ஸ் அவர் சொன்னபடி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். சிரித்த களைப்பில் அவளால் திறக்கவும் முடியவில்லை. "சமாதானம் நன்றாகத் தெரிகிறது. வெள்ளோட்டம் வெற்றி" என்று பிராங்கிளின் அறிவித்தார். "சார், இன்னொண்ணு சார். அதே மாதிரி. சபைக்கு இல்ல, எனக்கு" என்று லியோனார்ட் அவர் காலடியில் உட்கார்ந்தேவிட்டான். பேட்டரியில் மிச்சம் இருப்பதை உண்மையான தேவைக்கு வைத்திருக்க வேண்டும் என்று சொல்லி அவர் கேமராவை உறையில் போட்டார். நான் அந்த மனிதரைப் படியிலிருந்து தள்ளியிருக்கலாம். பின்னாலேயே இறங்கி வந்தேன், அவ்வளவுதான்.

எல்லோரும் போனபிறகு ஃப்ளோரன்ஸ் கண்ணைத் திறந்தாள், இது லியோனார்ட் பின்னால் எனக்குச் சொன்னது. "தொறந்துகினுதானே இருந்தேன்? நல்லா வந்துச்சாய்யா?"

"ஷோக்கா வந்துச்சு. ரெண்டு கண்ணும் தொறந்துகினு."

"கழுவி எப்பக் குடுப்பாங்களாம்?"

லியோனார்ட் உள்ளங்கையைக் கவிழ்த்து மெதுவாக அசைத்தான். பாரம் இறங்கிக்கொண்டிருக்கிறது, பொறு என்று அதற்கு அர்த்தம். அவளுக்கு அந்தக் கைப்பேச்செல்லாம் தெரியும். சரி என்று தலையை ஆட்டினாள். அதற்கப்புறம் தினமும் அவன் வேலையிலிருந்து வந்ததும், வந்துச்சா என்று கேட்டாள். அவன் தினமும் அதே மாதிரி கையை அசைத்தான். ஜானட்டையும் பக்கத்தில் படுக்கவைத்துக்கொண்டு, அம்மா போட்டோ வரும், அதுல அம்மா உன்னையே பாத்துகினு இருப்பேன் என்று சொல்லி வைத்திருந்தாள்.

இரண்டு ஞாயிறு தாண்டுவதற்குள் போய்விட்டாள்.

சபை சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. ஒரு நிமிடம்கூடத் தாமதம் இல்லை. பெட்டி வந்தது, பூ வந்தது, பாண்டு வந்தது. தலைவர் அருளப்பன் முன்வரிசையில் உட்கார்ந்தார். கூட்டத்தில் ஓரமாக ராமதாஸ் நின்றிருந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சாவு வீட்டுக்குப் பையில்லாமல் வந்திருக்கிறேன், கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை என்றார். ஞானபாக்கியத்துக்கு அன்று குரலே எழும்பவில்லை. அழவேண்டியதையெல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமையே அழுதுவிட்டோமே என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

தலைமாட்டைத் தூக்கி நிறுத்தினார்கள். லியோனார்ட் ஒரு பக்கம், அவன் தோளில் ஜானட். பிராங்கிளின் கேமராவை எடுத்தார். எடுத்துப் பின்னால் பார்த்தார்.

"லியோனார்ட், கண்ணை மூடிவிட்டாய். பரவாயில்லை. டிஜிட்டலில் இதுதான் வசதி, திரும்ப எடுத்துக்கொள்ளலாம்."

திரும்ப எடுத்தார். அதிலும் மூடியிருந்தான். மறுபடி எடுத்தார். மறுபடியும். பாண்டுக்காரர்கள் வாத்தியத்தை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தார்கள். தலைவர் தூங்கிவிட்டார். பிராங்கிளினுக்கு அச்சடித்த பேச்செல்லாம் போய் ராயபுரம் வந்துவிட்டது.

"இன்னாடா பேஜாரு பண்ணிகினு கீற. கண்ணைத் தொறடா. சாமியாரு வெயிட் பண்றாரு."

லியோனார்ட் கண்ணைத் திறக்காமலே பேசினான். "மூடினாத்தான் சார் தெரியுது."

"இன்னா தெரியுது?"

"நீங்க அழிச்சீங்களே, அது."

பிராங்கிளின் அப்படியே ஒரு படம் எடுத்து, உறையில் போட்டு, பட்டையைச் சரிசெய்துகொண்டு, தூக்கலாம் என்று சொன்னார்.

சபை அறைச் சுவரில் அந்தப் படத்தைப் பெரிதாக்கி மாட்டியிருக்கிறார்கள். சபையின் முதல் டிஜிட்டல் படம் என்று கீழே எழுதியிருக்கிறது. புதிதாகச் சந்தா கட்ட வருகிறவர்களுக்குப் பிராங்கிளின் அதைக் காட்டுவார். ஒரு நாள் நானும் அங்கே இருந்தேன்.

"பாருங்கள்" என்றார். "அந்த அம்மா எவ்வளவு அருமையாக ஒத்துழைத்திருக்கிறார்கள். உயிரோடு இருந்தவன்தான் கெடுத்துவிட்டான்."